மீன் பிடிக்காமல் இருக்க என்ன விலை?

மீன் பிடித்து விற்றுப் பிழைப்பவர்கள் உண்டு. பொழுதுபோக்குக்காகக் கைக்காசைச் செலவழித்து மீன் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் நீங்கள் மீனே பிடிக்க வேண்டாம், அதற்கு நான் பணம் தருகிறேன் என்று நாடு நாடாகப் போய்ப் பேரம் பேசிய ஒருவரைக் கேள்விப்பட்டதுண்டா? அதிலும் வேடிக்கை என்னவென்றால், அவரே ஒரு மீன்பிடிப் பைத்தியம்!

அவர் பெயர் ஓரி விக்ஃபூசன். ஐஸ்லாந்துக்காரர். ஓரி என்றதும் கடையெழு வள்ளல்களில் ஒருவனான கொல்லிமலை வல்வில் ஓரி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. அந்த ஓரி அம்பு விடுவதில் கெட்டிக்காரன், இந்த ஓரி தூண்டில் வீசுவதில்! விக்ஃபூசன் என்பது குடும்பப் பெயர் கிடையாது. விக்ஃபூஸ் என்பவரின் மகன் என்று அர்த்தம். நம் இனிஷியல் மாதிரிதான், அப்பா பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் ஐஸ்லாந்து வழக்கப்படி ஓரி என்று கூப்பிட்டாலே போதும்.

இவர் ஓட்கா வியாபாரி. படித்தது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில். ஆனால் அவரை உலகம் அறிந்தது ஓட்காவால் இல்லை, சால்மன் மீனால். வணிகவியல் பாடத்தில் வரும் பேரம், ஒப்பந்தம், நஷ்டஈடு, குத்தகை எல்லாவற்றையும் ஒரே ஒரு மீனுக்காகப் பயன்படுத்திய வாழ்க்கை அவருடையது.

ஹெர்ரிங் போன ஊர்

ஓரி பிறந்தது 1942-ல், ஐஸ்லாந்தின் வடகோடியில் இருக்கும் சிக்லுஃபியோர்துர் என்ற சின்ன ஊரில். மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். அந்த ஊரின் வாழ்வே ஹெர்ரிங் என்ற மீன்தான். நம்மூர் மத்தி மீனின் தூரத்து உறவு அது. கோடை வந்தால் கூட்டம் கூட்டமாக வரும். நூற்றுக்கணக்கான படகுகள் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும். கரையில் பெண்கள் வரிசையாக நின்று மீனைச் சுத்தம் செய்து, உப்பிட்டு, மரப்பீப்பாயில் அடுக்குவார்கள். ஐஸ்லாந்தின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பங்கு அந்தப் பீப்பாய்களிலிருந்து வந்த காலம் அது. ஓரியின் குடும்பமும் ஹெர்ரிங் தொழிலில் இருந்த குடும்பம்தான்.

பிறகு என்ன ஆயிற்று? படகுகள் பெரிதாயின. மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று ஒலி அலை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி வந்தது. வலையை இழுக்க இயந்திரம் வந்தது. ஐஸ்லாந்து, நார்வே, ரஷ்யா என்று எல்லோரும் போட்டி போட்டு அள்ளினார்கள். 1960களின் கடைசியில், நம்பவே முடியாத மாதிரி, ஹெர்ரிங் காணாமல் போய்விட்டது. 1969-க்குள் சிக்லுஃபியோர்துரின் பொற்காலம் முடிந்தது. உப்பிடும் கொட்டகைகள் காலியாகின. இன்று அந்த ஊரில் ஹெர்ரிங் காலத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மீன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால் ஊர் என்ன ஆகும் என்பதை ஓரி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபத்தைந்து வயது வாக்கில் சொந்த ஊரிலேயே பார்த்தார்.

தற்செயலாக, அதே 1968-ம் ஆண்டில்தான் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், பொதுச் சொத்தின் அவலம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். சொந்தக்காரர் இல்லாத பொருளை ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய மட்டும் எடுப்பார்கள். மிச்சம் வைப்பவன் ஏமாளி, ஏனென்றால் அவன் விட்டதைப் பக்கத்துப் படகுக்காரன் அள்ளிக்கொள்வான். முடிவில் எல்லோருக்கும் நஷ்டம். ஹார்டின் உதாரணத்துக்கு மேய்ச்சல் நிலத்தைச் சொன்னார். சிக்லுஃபியோர்துர்காரர்களுக்கு உதாரணமே தேவைப்படவில்லை.

ஒரு மீனின் பயணம்

ஓரியின் காதல் ஹெர்ரிங் மேல் இல்லை. அது சால்மன் மேல். இங்கே ஒரு சின்ன விளக்கம். நம் சந்தையில் "இந்தியன் சால்மன்" என்று விற்கிறார்களே, அது காலா மீன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அட்லாண்டிக் சால்மன்.

இந்த மீனின் வாழ்க்கை ஒரு அதிசயம். ஆற்றில் கூழாங்கற்களுக்கு நடுவே தாய் மீன் முட்டையிடும். குஞ்சு பொரித்து, சில ஆண்டுகள் அந்த ஆற்றிலேயே வளரும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்ததும் உடம்பு வெள்ளி நிறமாக மாறும். நன்னீரில் வளர்ந்த உடம்பு உப்பு நீருக்குத் தயாராகிவிடும். கடலுக்குப் போகும். ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நார்வே, கனடா என்று எந்த நாட்டு ஆற்றில் பிறந்தாலும், கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் போன்ற பக்கங்களில் உள்ள குளிர்ந்த கடலுக்குப் போய் ஓரிரு ஆண்டுகள் நன்றாகத் தின்று கொழுக்கும். பிறகு திரும்பும். எங்கே? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, தான் பிறந்த அதே ஆற்றுக்கு! ஆற்று நீரின் வாசனையை வைத்துக் கடைசிக் கட்டத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் இன்னொரு விசித்திரம். சாப்பிடுவதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்தே அருவிகளைத் தாவி, மேலே ஏறி, முட்டையிட்டு முடிக்கும். பசியே இல்லாத இந்த மீன், இறகும் நூலும் வைத்துக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சியை ஏன் வாயில் கவ்வுகிறது? கோபமா, பழக்கமா, குஞ்சுப் பருவத்து ஞாபகமா? இன்று வரை ஒருமித்த பதில் இல்லை. சால்மன் பிடிப்பவர்களின் பைத்தியத்துக்கே காரணம் இதுதான். நாள் முழுக்க முழங்கால் அளவு குளிர்நீரில் நின்று, நூறு தடவை தூண்டில் வீசி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, மறுநாள் காலையில் மறுபடி போய் நிற்பார்கள்.

ஓரியின் மனதுக்குப் பிடித்த ஆறு லக்ஸா. ஐஸ்லாந்து மொழியில் லக்ஸ் என்றால் சால்மன், ஆ என்றால் ஆறு. நேரடியாகச் சால்மன் ஆறு. இந்தப் பெயரில் அங்கே பல ஆறுகள் உண்டு. ஓரியின் லக்ஸா, மீவாட்ன் என்ற ஏரியிலிருந்து புறப்பட்டு வடக்கே கடலில் சேர்வது. பெரிய பெரிய மீன்களுக்குப் பேர் போனது. ஒவ்வொரு கோடையும் அவர் அங்கே போய்விடுவார்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

1980களில் அந்த ஆற்றில் மட்டுமில்லை, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சால்மன் வரத்து குறைவதை எல்லோரும் கவனித்தார்கள். ஐஸ்லாந்து தன் கடலில் சால்மனுக்கு வலை போடுவதை 1932-லேயே தடை செய்திருந்தது. ஆனால் மீனுக்கு எல்லை தெரியாதே!

1956-ல் கிரீன்லாந்து பக்கம் பிடிபட்ட ஒரு சால்மனில், முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்தில் மாட்டி விட்ட அடையாள வில்லை இருந்தது. பல நாட்டு மீன்கள் ஒன்றுகூடித் தின்னும் இடம் இது என்பது வெளியே வந்தது. அறிவு வந்த உடன் வலையும் வந்தது. 1971-ல் கிரீன்லாந்துக் கடலில் மட்டும் சுமார் 2,700 டன் சால்மன் பிடிக்கப்பட்டது. ஃபாரோ தீவுக்காரர்கள் ஆயிரங்கால் தூண்டில் போட்டார்கள். மைல் கணக்கில் நீளும் கயிறு, அதில் வரிசையாகத் தொங்கும் முட்கள். அயர்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் ஆறு திரும்பும் மீனைக் கரையோரமே மறிக்கும் மிதவை வலைகள்.

இதில் சிக்கல் என்னவென்றால், நடுக்கடலில் வலையில் விழும் மீன் எந்த ஆற்று மீன் என்று தெரியாது. நிறைய மீன் உள்ள ஆற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். கடைசி ஐம்பது மீன் மட்டும் மிச்சமிருக்கும் ஆற்றிலிருந்தும் வந்திருக்கலாம். வலை பார்த்துப் பிடிக்காது.

நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் போட்டு, 1984 முதல் வட அட்லாண்டிக் சால்மன் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்றை நடத்தி, யார் எத்தனை டன் பிடிக்கலாம் என்று ஒதுக்கீடு செய்தார்கள். ஆனால் அரசாங்கங்கள் பேசினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டைக் கைகாட்டியது.

ஓரி வியாபாரி கண்ணோடு இதைப் பார்த்தார். ஒரு கணக்குக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வலையில் விழுந்த ஒரு சால்மனைச் சந்தையில் விற்றால் 100 ரூபாய். அதே மீன் ஆற்றுக்குத் திரும்பினால்? அதைத் தூண்டிலில் பிடிக்கும் ஆசையில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவார். ஆற்றங்கரை விவசாயிக்கு உரிமைக் கட்டணம், விடுதிக்கு வாடகை, சமையல்காரருக்குச் சம்பளம், வழிகாட்டிக்குக் கூலி என்று 1,000 ரூபாய் செலவழிப்பார். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட்டால் அடுத்தவரும் அதே மீனுக்காக வருவார். ஐஸ்லாந்தில் ஆற்றங்கரை நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கே மீன்பிடி உரிமை. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆற்றைக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஓர் ஆற்றில் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில்தான் என்று வரம்பும் உண்டு. பல விவசாயக் குடும்பங்களுக்கு ஆட்டு வருமானத்தோடு ஆற்று வருமானமும் முக்கியம்.

ஆக, மீனின் மதிப்பு ஆற்றில் அதிகம், கடலில் குறைவு. அப்படியானால் ஆற்றுக்காரன் கடல்காரனுக்குப் பணம் கொடுத்து, வலையை எடுத்து வைக்கச் சொல்லலாமே? இருவருக்கும் லாபம். பொருளாதார மேதை ரொனால்ட் கோஸ் 1960-ல் எழுதிய கட்டுரையின் சாரம் ஏறக்குறைய இதுதான். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசும் செலவும் குறைவாக இருந்தால், சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கோஸ் படித்ததும் பின்னால் பாடம் நடத்தியதும் ஓரி படித்த அதே லண்டன் கல்லூரியில்தான்!

வலையை அறுத்த நாடு, வலையை வாங்கிய மனிதர்

ஐஸ்லாந்துக்கு இன்னொரு பழைய வழியும் தெரியும். 1958 முதல் 1976 வரை பிரிட்டனோடு மூன்று முறை நடந்த மீன் சண்டையைக் "காட் போர்" என்பார்கள். ஐஸ்லாந்தின் கடற்காவல் கப்பல்கள் பிரிட்டிஷ் படகுகளின் வலைக் கம்பிகளை அறுத்தே விட்டன. கடைசியில் 200 மைல் கடல் எல்லையை ஐஸ்லாந்து வென்றது.

ஓரி அந்த வழியில் போகவில்லை. 1989-ல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஐஸ்லாந்தில் பல பத்தாண்டுகளாகத் தடையில் இருந்த பீர் விற்பனைக்கு அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஓட்கா விற்பவருக்குப் புதிதாகப் போட்டி முளைத்த நேரத்தில், அந்த மனிதர் மீனுக்கு நிதி திரட்டக் கிளம்பினார் என்றால் பைத்தியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது!

அவர் போட்ட விதி எளிமையானது. மீனவன் குற்றவாளி இல்லை. அவனிடம் சட்டப்படி உரிமை இருக்கிறது. அந்த உரிமையை அவன் விட்டுக்கொடுக்க வேண்டுமானால் நியாயமான விலை கொடுக்க வேண்டும். விலை கொடுத்தால் மட்டும் போதாது, வேறு பிழைப்புக்கும் வழி காட்ட வேண்டும்.

1991-ல் ஃபாரோ தீவு மீனவர்களின் சால்மன் ஒதுக்கீட்டை நிதியம் விலைக்கு வாங்கியது. அதாவது, அவர்களுக்கு உரிமையுள்ள மீன் கடலிலேயே இருக்கும், அதற்கான பணம் அவர்கள் கைக்குப் போகும். அடுத்து கிரீன்லாந்து. 1993-லும் 1994-லும் அங்கே வணிகத்துக்குச் சால்மன் பிடிப்பது பணம் கொடுத்து நிறுத்தப்பட்டது. 2002-ல் கிரீன்லாந்தின் மீனவர், வேட்டைக்காரர் சங்கத்தோடு ஐந்து ஆண்டு ஒப்பந்தம். 2007-ல் அது நீட்டிக்கப்பட்டது. சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடிப்பதை யாரும் தடுக்கவில்லை. விற்பதற்குத்தான் தடை. அதற்குப் பதிலாக லம்ப் மீனின் சினை, பனி நண்டு போன்ற வேறு தொழில்களுக்கு உதவி செய்தார்கள்.

2003-ல் வடகிழக்கு இங்கிலாந்தில் மிதவை வலை உரிமம் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பணம் பெற்றுக்கொண்டு உரிமத்தை விட்டார்கள். பணத்தில் ஒரு பங்கு அரசாங்கம் கொடுத்தது, மீதி ஆற்றுக்காரர்களிடமும் தூண்டில்காரர்களிடமும் திரட்டியது. அயர்லாந்தில் ஓரியும் அங்குள்ள தூண்டில்காரர்களும் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் அழுத்தமும் சேர்ந்தது. 2007 முதல் மிதவை வலைக்கு அரசாங்கமே தடை விதித்து, சுமார் 3 கோடி யூரோ நிவாரண நிதியும் ஒதுக்கியது.

மொத்தத்தில் 1989-க்குப் பிறகு ஓரி திரட்டிய தொகை சுமார் 3.5 கோடி டாலர். 2007-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது.

பணம் யார் கொடுப்பது?

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கிரீன்லாந்தில் விடப்பட்ட மீன் ஸ்காட்லாந்து ஆற்றுக்குப் போகலாம், கனடா ஆற்றுக்குப் போகலாம். பணம் கொடுத்தவன் ஆற்றுக்குத்தான் வர வேண்டும் என்று மீனுக்குக் கட்டளையிட முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆற்றுக்காரரும் யோசிப்பார். பக்கத்து ஆற்றுக்காரர் கொடுக்கட்டுமே, மீன் எனக்கும் வந்துவிடும். காசு கொடுக்காமல் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. எல்லோரும் இப்படி நினைத்தால் பஸ்ஸே ஓடாது.

இங்கேதான் ஓட்கா விற்ற அனுபவம் கைகொடுத்தது. மக்களிடம் போய்ப் பேசி, நம்ப வைத்து, பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுக்க வைப்பது அவருக்குத் தெரிந்த வேலை. பணக்காரத் தூண்டில்காரர்கள், ஆற்று உரிமையாளர்கள், அறக்கட்டளைகள், அரசாங்கங்கள் என்று எல்லாக் கதவையும் தட்டினார். வெறும் கணக்கு மட்டும் போட்டிருந்தால் அவரும் பக்கத்து ஆற்றுக்காரர் கொடுக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார். கோஸின் கட்டுரையில் பேரம் பேசும் செலவு என்று ஒரு வரியில் வந்துபோகும் விஷயத்துக்கு, இங்கே ஒரு மனிதர் வாழ்நாளில் கால் நூற்றாண்டைச் செலவழித்தார். அந்தச் செலவுக்கு யாரும் பில் போடவில்லை. ஏன் செய்தார் என்றால், அந்த மீன் மேல் இருந்த ஆசை. அவ்வளவுதான்.

மறுபக்கம்

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. இந்தக் கதையைக் கடல் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற பணக்காரன், பிழைப்புக்கு மீன் பிடிக்கிறவனைக் கடலிலிருந்து இறக்கி விடுகிறான். பணம் கொடுத்தால் மட்டும் அது நியாயம் ஆகிவிடுமா? அயர்லாந்தின் மேற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக வலை போட்ட குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை ஒரு முறை வந்தது. அந்தத் தொழில் மறுபடி வரவில்லை. அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் வலை வீச்சுக்கு எந்தக் கணக்காளர் விலை போடுவார்? ஆற்றில் மீனின் மதிப்பு அதிகம் என்று சொன்னதே, அந்த அதிகப் பணம் போய்ச் சேருவது ஆற்றங்கரைக்கு. கடற்கரைக்கு இல்லை.

ஓரிக்கு இது புரிந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது. ஹெர்ரிங் போனபோது சிக்லுஃபியோர்துர் மக்களுக்கு யாரும் வந்து காசோலை நீட்டவில்லை. மீனும் போயிற்று, வேலையும் போயிற்று. வலைக்காரனுக்கு எதுவும் கொடுக்காமல் சட்டம் போட்டு விரட்டுவது ஒரு வழி. மீன் தீரும் வரை விட்டுவிட்டுப் பிறகு எல்லோரும் சேர்ந்து அழுவது இன்னொரு வழி. விலை கொடுப்பது இந்த இரண்டையும் விடக் கொஞ்சம் மேல். முழு நியாயம் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவனும் மனிதன், அவனுக்கும் நஷ்டம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற வழி.

இரண்டாவது பிரச்னை இன்னும் பெரியது. அவர் வாங்கியது பெரும்பாலும் கிரயம் இல்லை, குத்தகைதான். ஒப்பந்தக் காலம் முடிந்தால் மறுபடி பேச வேண்டும், மறுபடி பணம் வேண்டும். 2012-ல் மீன் ஆலைகளுக்குச் சால்மன் விற்கலாம் என்று கிரீன்லாந்து அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. பிடிப்பு திரும்ப ஏறியது. ஓரி இறந்த பிறகு, 2018-ல், அவருடைய நிதியமும் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் சால்மன் கூட்டமைப்பும் சேர்ந்து 12 ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் போட வேண்டி வந்தது.

மூன்றாவது, வலை மட்டும் எதிரி இல்லை. கடல் சூடாகிறது, கடலுக்குப் போன குஞ்சுகளில் திரும்பி வருபவை குறைகின்றன. ஆற்றுக்குக் குறுக்கே அணைகள். இன்னொரு பக்கம் கடலில் கூண்டு கட்டிச் சால்மன் வளர்க்கும் பண்ணைகள். கூண்டு கிழிந்து தப்பும் பண்ணை மீன் ஆற்றுக்குள் போய்க் காட்டு மீனோடு கலந்தால், தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றுக்கென்றே அமைந்த குணம் கெட்டுவிடும். திறந்த கூண்டுப் பண்ணைகளை ஓரி கடைசி வரை எதிர்த்தார். 2023-ல் ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் ஒரு பண்ணைக் கூண்டிலிருந்து சுமார் 3,500 மீன்கள் தப்பி, பல ஆறுகளில் ஏறிவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க நார்வேயிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் விவசாயிகளும் தூண்டில்காரர்களும் கூடிப் போராட்டம் நடத்தினார்கள்.

அதே 2023 டிசம்பரில், அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அதுவரை கவலைப்பட வேண்டாத வகையில் இருந்த அட்லாண்டிக் சால்மனை, அச்சுறுத்தலை நெருங்கும் வகைக்கு மாற்றியது. 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலக அளவில் 23 சதவீதம் குறைந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. 2024 ஜூனில் மீன் வரத்து மிக மோசமானதால் நார்வே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை நடுப் பருவத்திலேயே நிறுத்தியது. ஓரி நேசித்த லக்ஸாவிலும் வரத்து பழையபடி இல்லை.

அப்படியானால் தோல்வியா?

இதை இருப்புநிலைக் குறிப்பு மாதிரி எழுதிப் பார்க்கலாம். ஒரு பக்கம் 3.5 கோடி டாலரும் ஒரு மனிதரின் கால் நூற்றாண்டும். மறுபக்கம் மீன் எண்ணிக்கை இன்னும் குறைந்துகொண்டேதான் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நஷ்டம்.

ஆனால் அந்தக் குறிப்பில் வராத ஒன்று இருக்கிறது. அவர் வாங்கி வைத்த வலைகள் எல்லாம் இந்த ஆண்டுகளிலும் கடலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூடாகும் கடலும் பண்ணைகளும் அணைகளும் போதாதென்று, ஆண்டுக்குப் பல நூறு டன் வலைக்கும் போயிருக்கும். சில ஆறுகளில் இன்று திரும்பி வரும் கொஞ்சம் மீனும் இருந்திருக்காது. நடக்காமல் போன நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவு வைக்க முடியாது. சிக்லுஃபியோர்துர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

ஓரி 2017 ஜூலை 1-ம் தேதி, 74 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஐஸ்லாந்தில் அப்போது சால்மன் பருவம் தொடங்கியிருந்தது. கிரீன்லாந்துப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்த மீன்கள் ஒவ்வொன்றாக லக்ஸாவின் வாசனையைத் தேடி ஏறிக்கொண்டிருந்த நேரம். அவற்றில் சில, யாரோ ஒரு கிரீன்லாந்து மீனவர் பணம் வாங்கிக்கொண்டு வலை போடாமல் விட்ட மீன்களின் வாரிசுகளாக இருந்திருக்கும்.

ஒன்றை மிகவும் நேசிக்கிறோம் என்று சொல்வது சுலபம். அந்த நேசத்தால் இன்னொருவனுக்கு நஷ்டம் வருகிறதா, வந்தால் அதை யார் கொடுப்பது என்று யோசித்து, எழுந்து போய், கையில் பணத்தோடு அவன் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் கஷ்டம். ஓரி தட்டினார். குத்தகை முடியும் ஒவ்வொரு முறையும் இனி யாராவது போய்த் தட்ட வேண்டியிருக்கும்.